புதியவருக்கு எந்தப் படி?

அலுவலகம் விட்டு வந்து, இருட்டுவதற்குள் ஒரு மணி நேரம் டென்னிஸ் ஆடிவிட்டு வீடு திரும்புவோர் எல்லா நாடுகளிலும் உண்டு. இவர்களுக்கு வெள்ளிக் கோப்பையும் வேண்டாம். பத்திரிகையில் படமும் வேண்டாம். தமக்கு ஒத்த திறமையுடைய ஓர் எதிராளி கிடைத்தால் போதும். அதற்காகவே படிகள் வகுத்துப் பந்தயம் நடத்துகிறார்கள். பழகிய ஆட்டக்காரரைப் படியில் அமர்த்துவது எளிது. அவருடைய வெற்றி தோல்விகள் கண்முன்னே இருக்கின்றன. நேற்று ஊருக்கு வந்தவரை எங்கே அமர்த்துவது? ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோருக்கு இக்கேள்வி அந்நியமானதன்று.

எங்கள் ரயில்வேயில் ஒரு விதி உண்டு. சொந்த விருப்பத்தின் பேரில் வேறு டிவிஷனுக்கு மாறுதல் பெற்று வருகிறவர், எத்தனை ஆண்டு சர்வீஸ் உடையவராயினும், அங்கே தம் கிரேடின் ஸீனியாரிட்டிப் பட்டியலில் கடைசியில்தான் நிற்க வேண்டும். உத்தியோகத்தில் இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆட்டத்திற்கோ இது ஒவ்வாது. தேர்ந்த ஆட்டக்காரரைக் கடைசிப் படியில் நிறுத்தினால் நஷ்டம் அவருக்கன்று. அந்தப் படியில் உண்மையாகவே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருப்பவருக்கே. எங்கள் இன்ஸ்டிடியூட் மைதானத்தில் இதைக் கண்டிருக்கிறேன். "மட்டை பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான் ஸார்" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டு இறங்கிய ஓர் இளைஞர், நாற்பது வயதுக்கு மேல் ஆடத் தொடங்கிய ஒரு பெரியவரை 6-0, 6-0 என்று வென்றார். அப்பெரியவர் அதன்பின் மாலையில் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

இவ்விஷயத்தில் அமெரிக்கர்கள் வெகுநாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்நாட்டு டென்னிஸ் சங்கம் வயதுவந்தோருக்கான லீக் பந்தயங்களை 1980-ல் தொடங்கியது. அங்கு வழங்கும் தர எண் அரை அரையாக ஏறி 7.0 வரை செல்வது. 2.5 என்பவர், பந்து எங்கே வந்து விழும் என்று கணிக்கப் பழகுகிறவர். 3.5 என்பவர், மிதமான வேகத்தில் வரும் பந்தை நினைத்த திசைக்குத் திருப்ப வல்லவர். ஆயினும் அடியில் ஆழமும் வகையும் இன்னும் கைகூடாதவர். 7.0 என்பது உலகப் பந்தயங்களில் ஆடிச் சம்பாதிப்பவர்களின் படி.

புதிதாய்ச் சேர்பவர் தம் எண்ணைத் தாமே கூற வேண்டும். ஆனால் வெறுமனே கூறினால் போதாது. வயது என்ன, கல்லூரி அணியில் ஆடியதுண்டா, எந்தப் பந்தயங்களில் கலந்துகொண்டீர் என்றெல்லாம் வினாக்கள் உண்டு. பிறகு ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் கணக்கில் ஏறுகிறது. வென்றாரா தோற்றாரா என்பது மட்டுமன்று. இன்னாரோடு ஆடினால் இத்தனை கேம் எடுப்பார் என்ற எதிர்பார்ப்புக்கு மேல் எடுத்தாரா, கீழ் எடுத்தாரா என்று பார்க்கிறார்கள். தாமே தரம் கூறிக்கொண்டவர், அப்படியின் எல்லையை வெகுவாகத் தாண்டியவராக மூன்று தடவை காணப்பட்டால், பருவத்தின் நடுவிலேயே அப்படியிலிருந்து விலக்கப்படுகிறார்.

தந்திரசாலிகள் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்! 6-1 என்று வெல்லக்கூடிய ஆட்டத்தை வேண்டுமென்றே 6-4 என்று இழுத்து, எண் உயராமல் காத்துக்கொள்வார்கள். கோப்பையின் மீது இத்தனை மோகம் எதற்கோ!

இதற்கு நேர்மாறான குறையைப் பேசுவோர் குறைவு. தம்மைக் குறைத்துக் கூறுகிறவரைப்போலவே, கூடுதலாக மதிப்பிட்டுக்கொள்கிறவரும் உண்டு. இளமையில் ஆடிய ஆட்டத்தை நினைவில் வைத்து, பதினைந்து ஆண்டு கழித்து அதே எண்ணை எழுதிவிடுவார். வாரந்தோறும் தோற்பார். இவரிடம் வஞ்சகம் இல்லை; ஆயினும் இவரும் விரைவில் சரியான படிக்கு இறங்க வழி இருக்க வேண்டும் அன்றோ?

இதில் சதுரங்கத்தார் செய்துள்ள ஏற்பாடு எனக்கு மிகவும் உகந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ வகுத்த தர முறையை, உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-ல் ஏற்றது. அதில் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் எண் எவ்வளவு அசையலாம் என்பதற்கு ஒரு பெருக்கம் உண்டு. புதியவருக்கு முதல் முப்பது ஆட்டம் வரை அது 40, பிறகு 20, 2400 புள்ளியை எட்டிய வல்லுநருக்கு 10. அதாவது, அறியாதவரைப் பற்றிய நம் மதிப்பீடு தவறாக இருக்கலாம் என்பதை விதியே ஒப்புக்கொண்டு, அவருடைய எண்ணை ஏறவும் இறங்கவும் தாராளமாக விடுகிறது. புதியவரைச் சந்தேகிப்பதும் இல்லை. அவர் சொல்லை அப்படியே நம்பிவிடுவதும் இல்லை.

நம் சங்கத்துப் போட்டிகளுக்கு இத்தனை கணக்கு வேண்டியதில்லை. பெயர் கொடுக்கும் தாளில் "முன்பு எங்கே, எந்த அணியில் ஆடினீர்கள்? கடைசியாக ஆடியது எந்த ஆண்டு?" என்று இரண்டு கேள்விகள் சேர்க்கலாம். புதிய உறுப்பினரின் முதல் இரண்டு ஆட்டங்களைக் கோப்பைக் கணக்கில் சேர்க்காமல், தரம் அறிவதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். அவற்றைப் பார்த்துப் படி நிர்ணயிப்பவர் எந்த அணியையும் சேராத ஒருவராக இருப்பது நல்லது.