பாஸ் வராத நாளின் விலை

பதுளை, பசறை, ஹாலிஎல, தெமோதர பக்கம் வீடு திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே முறைப்பாடுதான். "வேலை தங்கமான வேலை, ஆள்தான் வர்றதில்ல." கோபம் தலைக்கேறியதும் பாதி வேலையில் மேசன் பாஸை மாற்றிவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர் பழைய பூச்சைத் தட்டிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். அப்படி மாற்றுமுன் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. பழைய லயத்துக் காம்பராவின் அளவு அதுதான். சுவர் உயரம் 9 அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 396 சதுர அடி. ஒரு கதவையும் ஒரு ஜன்னலையும் கழித்தால் உள்பக்கம் பூச வேண்டியது ஏறக்குறைய 360 சதுர அடி.

நேரான புதுச் சுவருக்கு அரை அங்குலப் பூச்சு போதும். ஒன்றுக்கு ஐந்து கலவையில், சேதாரமும் சேர்த்து, 50 கிலோ சீமெந்து 3 பைக்குச் சற்று மேல் பிடிக்கும். மணல் 20 கன அடி, அதாவது ஒரு கியூபில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் லயத்துச் சுவர் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. ஓரிடம் வீங்கியிருக்கும், ஓரிடம் உள்வாங்கியிருக்கும். சராசரி ஓர் அங்குலம் ஏற்றினால்தான் மட்டத்துக்கு வரும். அப்போது சீமெந்து 6 பையைத் தாண்டும்; மணலும் 39 கன அடியாகும்.

தொழில் தெரிந்த கையின் விலை இங்கேதான் தெரியும். நல்ல பாஸ் முதல் நாள் காலையில் கலவையைத் தொடவே மாட்டார். கரண்டிப் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். பொத்தென்று ஒலிக்கும் இடத்தையெல்லாம் கல் தெரியும்வரை கொத்தி எடுப்பார். தூக்குக்குண்டு பிடித்து, வீங்கி நிற்கும் கல்லின் மூக்கைச் செதுக்குவார். அதன்பிறகு சுவரை நனைப்பார். அந்த அரை நாளில் பூச்சின் சராசரி கனம் முக்கால் அங்குலத்துக்கு இறங்கிவிடும். சீமெந்து ஒன்றரைப் பை மிச்சம். பை 2,000 ரூபாய் என்று வைத்தால் 3,000 ரூபாய்.

கூலிக்கு வருவோம். ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் ஊர் விலையை இட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்குக்கு எடுப்பது, கெட்டிக்கார பாஸுக்கு நாளைக்கு 4,000, சாதாரண மேசனுக்கு 3,500, கையாளுக்கு 2,500. கெட்டிக்காரர் அந்த அரை நாளையும் சேர்த்துச் சராசரியாக நாளைக்கு 120 சதுர அடி பூசுவார், மற்றவர் 80 பூசுவார் என்று கொண்டால்:

கெட்டிக்காரர்: 3 நாள் × 6,500 = 19,500
சாதாரண மேசன்: 4½ நாள், 5 என்று கணக்கு × 6,000 = 30,000

கூலியில் வித்தியாசம் 10,500. மிஞ்சிய சீமெந்தையும் சேர்த்தால் 13,500 ரூபாய்.

இனி அவர் வராத நாளின் செலவு. காலையில் கையாள் வந்து நிற்கிறார். திருப்பி அனுப்பினாலும் அரைப் பேராவது கொடுப்பதுதான் நியாயம்: 1,250. வீட்டில் ஒருவர் மலைக்குப் போகாமல் வேலையைப் பார்க்க நின்றிருப்பார். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வரவுக் கொடுப்பனவாக 200 சேர்க்க முன்மொழிந்தது. அந்தக் கணக்கில் 1,750 போகிறது. ஆக, சொல்லாமல் வராத ஒரு நாளுக்கு 3,000 ரூபாய்.

13,500ஐ 3,000ஆல் வகுத்துப் பாருங்கள். கெட்டிக்கார பாஸ் மூன்று நாள் வேலைக்கு நான்கு நாள் வராமல் போனாலும் உங்களுக்கு நட்டமில்லை. ஐந்தாம் நாளிலிருந்துதான் நட்டம் தொடங்குகிறது. பலருக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். நாம் மனதில் எண்ணுவது அவர் வராத நாள்களை; பூசி முடித்த சதுர அடியை யாரும் எண்ணுவதில்லை.

அந்த 3,000 முழுவதும் அவர் வராததால் வந்ததல்ல, சொல்லாததால் வந்தது. முந்தின நாள் மாலையே தகவல் வந்தால் கையாள் வேறு வேலைக்குப் போவார், வீட்டுக்காரர் பெரட்டுக்குப் போவார். செலவு ஏறக்குறைய இல்லை. ஆகவே "தினமும் வர வேணும்" என்று சண்டை பிடிப்பதை விட, "பாஸ், வர ஏலாட்டி ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது மேல். தினமும் வருவதாக வாக்குக் கொடுக்க அவரால் முடியாது. எல்ல பக்கம் ஹோட்டல் வேலை இழுக்கும், கொழும்பில் கொந்தராத்துக்காரர் கூப்பிடுவார், தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் போகாமல் இருக்க முடியாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எஞ்சியிருக்கும் நல்ல கைகளை நாலு வீட்டார் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கிறோம்.

உண்மையான நட்டம் முற்பணத்தில் இருக்கிறது. மொத்தக் கூலியே 19,500 ஆன வேலைக்கு 15,000ஐ முதல் நாளே கையில் கொடுத்துவிட்டால், அவர் திரும்பி வந்து சம்பாதிக்க 4,500தான் மிச்சம். பக்கத்து வீட்டில் புதிய முற்பணம் காத்திருக்கும்போது எந்தத் தொழிலாளியும் அங்கேதான் போவார். வடக்குக் கிழக்கில் இந்திய உதவியுடன் கட்டிய வீடுகளுக்கு, ஒன்றுக்கு 550,000 ரூபாய் என்ற கணக்கில், கட்டம் கட்டமாகவே பணம் விட்டார்கள். வேலை ஏறினால்தான் அடுத்த தவணை. மலையகத்தில் அதே திட்டத்தின் 4,000 வீடுகளையடுத்து, 2017 மே 12 அன்று நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. பின்னர் வீடொன்றுக்கான தொகை 28 இலட்சமாக உயர்ந்தது. அத்தனை பெரிய திட்டத்துக்கே கட்டம் பிரித்துக் கொடுப்பது அவசியமாக இருந்தால், ஒரு காம்பராவுக்கும் அது அவசியம்தான். முற்பணம் அதிகபட்சம் இரண்டு நாள் கூலி. சுவருக்குச் சுவர் கணக்குத் தீர்த்துவிடுங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை, இங்கே 2,000 ரூபாய் அளவை, பூச்சு காய்ந்து தட்டிப் பார்க்கும்வரை நிறுத்திவையுங்கள்.

சாமானை நீங்களே வாங்குங்கள். அந்தந்தக் கட்டத்துக்கு மட்டும் வாங்குங்கள். 2021இல் ஆயிரத்தை ஒட்டியிருந்த சீமெந்துப் பை 2022 நடுவில் மூவாயிரத்தைத் தாண்டியது. அந்தப் பயத்தில் இன்னமும் சிலர் இருபது பை வாங்கி அடுக்குகிறார்கள். ஈரக்காற்றில் மூன்று மாதம் கிடந்த சீமெந்து தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 40,000 ரூபாய் சரக்கில் 8,000 ரூபாய்.

தோட்டத்தில் செக்ரோல் இருப்பதுபோல வீட்டிலும் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, முழுப் பேரா அரைப் பேரா, பூசிய சதுர அடி, பிரித்த பை, கொடுத்த பணம். ஒவ்வொரு வாரமும் பாஸிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு, கூலி பாக்கி வைக்கும் வீட்டுக்காரரும் உண்டல்லவா. தகராறு முற்றினால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே பேசப் போவதும் இந்தக் கொப்பிதான்.

மேலே சொன்ன நான்கு நாள் பொறுமை எல்லா மாதத்துக்கும் செல்லாது. ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று. தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் காலம், பூச்சு வேலைக்கும் ஏற்ற காலம். அந்தக் காற்று பூச்சைச் சீக்கிரம் உலர்த்தி வெடிக்கவைக்கும் என்பதால் ஏழு நாள் பீலித் தண்ணீரால் நனைக்க வேண்டும். அது பாஸ் வேலையல்ல, வீட்டார் வேலை. ஒக்டோபரில் மழை இறங்கிவிட்டால் ஒரு நாள் தவறுவது ஒரு கிழமையாக நீளும். வெளியே குவித்த மணலும் கானில் போகும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014இல் மலை சரிந்ததும் ஒக்டோபர் 29இல்தான். சமையலறையைப் பெருப்பிக்கப் பின்பக்க மண்மேட்டை வெட்டலாம் என்று எவ்வளவு கெட்டிக்கார பாஸ் சொன்னாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் மண்வெட்டியை வைக்கவிடாதீர்கள்.

நல்ல பாஸ் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆடி பிறக்குமுன் போய்ப் பேசி, இரண்டு நாள் கூலியை மட்டும் கொடுத்து, செப்டம்பர் முடிவதற்குள் பூச்சை முடித்துவிடுங்கள்.