ஒரு பெர்த்தின் விலாசம்

வலைக்குப் பின்னால் – 17

அம்பகரத்தூர் பத்ரகாளி அம்மன் கோயில் பக்கத்தில் ஒருவர், காரைக்கால்–எர்ணாகுளம் ரயிலுக்கு போனில் டிக்கெட் போடுகிறார். அதே நேரம் கொச்சியில் இன்னொருவர் கவுன்டரில் படிவத்தை நீட்டுகிறார். மிச்சம் ஒரே ஒரு பெர்த். அது யாருக்கு என்று எந்தக் கணினி முடிவு செய்யும்?

இதற்கு 1980-களின் பிற்பகுதியில் ஓர் அழகான பதில் வந்தது: பொருள்சார் தரவுத்தளம். பெர்த், பயணி, ரயில் என்று நிரலுக்குள் இருக்கும் பொருள்களை அட்டவணைகளாக வெட்டாமல், ஒன்றோடொன்று கொண்ட தொடர்போடு அப்படியே சேமிப்பது. வலையில் எந்தக் கணினியில் ஓடும் நிரலும் அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு பொருளை எட்டிவிடலாம். 1989-இல் ஆறு ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அறிக்கையே எழுதினார்கள். ஹாங்காங்கின் ஓ.ஓ.சி.எல். கப்பல் நிறுவனம் தன் கன்டெய்னர் போக்குவரத்தை ஜெம்ஸ்டோன் என்ற இந்த வகைத் தரவுத்தளத்தில் நடத்தியது. அதில், ஒரே பொருளை இருவர் மாற்றினால் முதலில் பதிவு செய்தவருக்கே வெற்றி. பிந்தியவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் ரயில்வே அந்த வழியில் போகவில்லை. 1986-இல் தொடங்கிய, ரயில்வேயின் கணினிப் பணிகளைக் கவனிக்கும் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய ‘கான்சர்ட்’ முன்பதிவு மென்பொருள், 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் ஓடியது. 1999 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் இணைந்து முடிந்தன. அதற்கு முன் இவை தனித்தனித் தீவுகள்தான். இன்னோர் ஊரில் ஏறும் ரயிலுக்கு இடம் கேட்டுத் தந்தி கொடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும்.

கான்சர்ட்டின் விதி எளிது. ஒரு ரயிலின் இருக்கைக் கணக்கு ஏதாவது ஒரு மையத்தில் மட்டுமே இருக்கும். கோரிக்கை எங்கிருந்து கிளம்பினாலும் அங்கேதான் போய்ச் சேரும். கொண்டுபோகும் வேலை, டிஜிட்டல் என்ற கணினி நிறுவனம் உருவாக்கிய ஆர்.டி.ஆர். என்ற இடைநிலை மென்பொருளுடையது: ஒரு பரிமாற்றம் முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. நடுவில் லைன் அறுந்தாலும் பாதி டிக்கெட் என்று ஒன்று கிடையாது. முந்தியவருக்கு பெர்த், பிந்தியவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்.

பொருள் எங்கே இருக்கிறது என்பதையே நிரலுக்குத் தெரியாமல் மறைத்தது பொருள்சார் தரவுத்தளத்தின் கவர்ச்சி. அதன் பலவீனமும் அதுதான் என்பேன். தூரத்தை மறைக்கலாம், தூரம் எடுக்கும் நேரத்தை மறைக்க முடியாது. பொருளின் அமைப்பை மாற்றினால் ஏற்கெனவே சேமித்ததையெல்லாம் மாற்ற வேண்டும் என்ற தலைவலி வேறு. ரயில்வேயோ ஒவ்வொரு பெர்த்துக்கும் ஒரு விலாசம் கொடுத்து, வழியைத் திறந்தே வைத்தது.

அதனால்தான் 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் வந்தபோது இருக்கைக் கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கானோர் நிற்கக்கூடிய இன்னொரு கவுன்டராக அந்த மையங்களோடு பேசியது. ஆனால் பணம் வங்கியின் கணினியில் இருக்கிறது. அதன் மேல் ரயில்வேக்கு அதிகாரம் இல்லை. பணம் போய் டிக்கெட் வராமல் நிற்பது அந்த இடைவெளியில்தான். அது அடுத்த வாரம்.