காட்டு மிளகாய் கற்பிக்கும் பாடம்

மிளகாய்ப் பயிருக்கு இலைச்சுருட்டை நோய் பெருங்கேடு. இலை மேல்நோக்கிச் சுருண்டு, செடி குறுகி, காய்ப்பு அற்றுப்போகும். வைரஸ் என்னும் நுண்கிருமியை வெள்ளை ஈ பரப்புகிறது. கண்ட செடிக்கு மருந்தில்லை.

மிளகாயின் தாயகமாகிய மெக்ஸிகோவில் காட்டு மிளகாயை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. பல செடிகளிடையே தானே வளர்ந்தவற்றில் இவ்வகை நோய் குறைவு. சாகுபடியில் நெருங்கி நின்றவற்றில் மிகுதி.

ஆகையால் பூவிருந்தவல்லி, ஆவடிப் பக்கத்து மிராசுதாரர்கள் தனிப்பயிராய் விடாது, வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைப்பது நலம். நாற்றங்காலை நைலான் வலையால் மூடுக. நோயுற்ற செடியை உடனே பிடுங்கிப் புதைக்க. ஆயினும் வரப்பில் ஊமத்தையை விட்டுவைக்கலாகாது. அது மிளகாயின் குடும்பத்ததே, நோய்க்கு உறைவிடமாகும். ஈ எல்லைக்கல் அறியாது. எனவே கிராம அதிகாரிகள் ஊரார் யாவரையும் ஒருசேரக் களையச் செய்வாராக.