சர்ஃபிங்ல நல்ல அலை மட்டும்தான் கணக்கு. உங்க பட்ஜெட்ல மோசமான மாசமும் கணக்கு!

எங்க ஸ்ரீமுஷ்ணத்துக்காரங்களுக்கு கடல்னாலே மாசி மகம்தான். பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு கிள்ளைக்குப் போவார், நாங்களும் பின்னாடியே போவோம். ஆனா கடல் அலையை நம்பியே சம்பாதிக்கிற ஒரு ஊர் இருக்கு. இலங்கையின் கிழக்குக் கரையில, பொத்துவில் பக்கத்துல இருக்கிற அறுகம்குடா.

அங்க சர்ஃபிங் சீசன் ஏறக்குறைய ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான். ஹோட்டல், ஆட்டோ, போர்டு வாடகை, பயிற்சி எல்லாத்துக்கும் அந்த சில மாச வருமானத்துலதான் வருஷம் ஓடணும்.

இப்போ அந்த ஊரோட கதையைப் பாருங்க. 2004 டிசம்பர்ல சுனாமி அடிச்சுது. 2009-ல போர் முடிஞ்சுது, 2010-லயே சர்வதேச சர்ஃபிங் போட்டி அங்க வந்துச்சு. 2019 ஏப்ரல்ல ஈஸ்டர் குண்டுவெடிப்பு. இலங்கை முழுக்க சுற்றுலா படுத்துடுச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல வேர்ல்ட் சர்ஃப் லீக்கின் 'சோ ஸ்ரீலங்கா ப்ரோ' போட்டி அங்க நடந்துச்சு. ஜெயிச்சவருக்கு தகுதித் தரவரிசையில 3,000 புள்ளி. ஊர் மறுபடி எழுந்துடுச்சுன்னு நினைக்கும்போதே 2020-ல கொரோனா, 2022-ல பொருளாதார நெருக்கடி.

போட்டி சில நாள்ல முடிஞ்சுடும். செலவு மட்டும் வருஷம் முழுக்க இருக்கும்.

சர்ஃபிங்ல ஒரு விதி இருக்கு. ஒரு சுற்றுல எத்தனை அலை ஏறினாலும் சிறந்த ரெண்டு அலைக்கான மதிப்பெண் மட்டும்தான் கூட்டுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் 10, மொத்தம் 20. விழுந்தது எதுவும் கணக்கில்லை. நம்ம பண விஷயம் இதுக்கு நேர் எதிர். போனஸ் வந்த மாசத்தை விட, வேலை போன மாசமும் ஆஸ்பத்திரி போன மாசமும்தான் நம்மள கவுத்துவிடும்.

அதனால முதல்ல அவசர கால நிதி. கணக்கு சிம்பிள்:

- வாடகை, சாப்பாடு, இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் சேர்த்து மாசம் 18,000 ரூபாய்னு வைங்க.
- 6 மாசத்துக்கு 1,08,000 ரூபாய் வேணும்.
- மாசம் 3,000 ஒதுக்கினா 36 மாசம் ஆகும். போனஸ்ல பாதியைப் போட்டா இன்னும் சீக்கிரம்.

இந்தப் பணத்தை ஷேர்ல போடாதீங்க. தேவைப்படுற அன்னைக்கு மார்க்கெட் இறங்கி இருக்கலாம். ஒரு மாசச் செலவு சேமிப்புக் கணக்குல, மிச்சம் வங்கி எஃப்டியில. ஒரு வங்கியில ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் காப்பீடு இருக்கு.

அறுகம்குடாக்காரங்களுக்கு மாசா மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வராது. உங்களுக்கு வருது. இந்த மாசச் சம்பளம் வந்த அன்னைக்கே அந்த முதல் 3,000-ஐ தனியா எடுத்து வைங்க.