எண்ணூறு ஆண்டுகளாக நிற்கும் களஞ்சியங்கள்

ஒரு நாட்டின் பழமையைக் காண விரும்புவோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் கோட்டைகளையும் தேவாலயங்களையுமே நாடிச் செல்கின்றனர். எமது பிள்ளைகளை நாமும் இலண்டன் கோபுரத்திற்கும் வின்சர் மாளிகைக்கும் அழைத்துச் செல்கின்றோம். அம்மாளிகைகளில் வாழ்ந்தோருக்கு உணவளித்த உழவரின் கட்டடங்களைக் காண நாம் செல்வது அரிது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் அத்தகைய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன என்பதையும், அவை சட்டத்தினாற் காக்கப்படுகின்றன என்பதையும் நம்மிற் பலர் அறியோம். அவற்றுள் தலைசிறந்த இரண்டினைப் பற்றி இங்கு அறிந்துகொள்வோம்.

எசெக்ஸ் மாவட்டத்தில் விற்றம், பிறெயின்றி என்னும் இரு நகரங்களுக்கிடையே கிரெசிங் என்றொரு சிற்றூர் உண்டு. 'பாரிஷ்' எனப்படும் ஊராட்சிப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. 1137ஆம் ஆண்டில் ஸ்டீபன் மன்னரின் அரசியாகிய மெற்றில்டா அவ்வூர் நிலத்தைத் தெம்பிளர் என்னும் போர்வீரத் துறவியர் சபைக்குத் தானமாக வழங்கினார். அச்சபையினர் அங்கே பெரும் பண்ணையொன்றை நடத்தினர். விளைச்சலைச் சேமிக்க 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பார்லிக் களஞ்சியமும், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கோதுமைக் களஞ்சியமும் எழுந்தன. மரச்சட்டத்தால் அமைந்து இன்றளவும் நிற்கும் களஞ்சியங்களுள் உலகிலேயே மிகப் பழமையானவற்றுள் இவையும் அடங்கும்.

கோதுமைக் களஞ்சியத்தின் நீளம் ஏறத்தாழ 40 மீற்றர். உள்ளே நுழைந்து நிமிர்ந்து நோக்குவோருக்கு ஒரு தேவாலயத்தினுள் நிற்பது போன்ற உணர்வே தோன்றும். இரு வரிசைகளாக ஓங்கி நிற்கும் கருவாலித் தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்குகின்றன. நடுவே உயர்ந்த கூடமும், இருமருங்கிலும் தாழ்வாரங்களும் அமைந்துள்ளன. தச்சர்கள் கருவாலி மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே அறுத்துச் செதுக்கினர். மரங்களை ஒன்றோடொன்று பொருத்தி, மர ஆணிகளாலேயே இறுக்கினர். மரம் காயக் காய அப்பொருத்துகள் மேலும் இறுகின. இத்துணை அரிய வேலையைச் செய்த தச்சர்களுள் ஒருவரின் பெயரையேனும் நாம் அறியோம். அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்து அப்பொருத்துகள் மட்டுமே.

அக்கையெழுத்தைப் படிக்கக் கற்றவர் செசில் ஹியூவெற் என்பவர். பாடசாலையில் மரவேலை கற்பித்த ஆசிரியரான அவர், எசெக்சின் பழங் கட்டடங்கள் பலவற்றின் பொருத்துகளை வரைந்து ஒப்பிட்டார். ஒவ்வொரு காலத்துத் தச்சரும் தமக்கேயுரிய பொருத்து முறைகளைக் கையாண்டனர். ஆகவே பொருத்தைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம் என்று அவர் வாதிட்டார். அவரது நூல் 1969இல் வெளிவந்தது. அவர் கூறிய காலக் கணிப்புகளை அறிஞர் சிலர் முதலில் ஏற்கத் தயங்கினர். பிற்காலத்தில் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலத்தை அறியும் முறை வளர்ந்து, கிரெசிங் களஞ்சியங்கள் 13ஆம் நூற்றாண்டுக்குரியவை என்பதை உறுதி செய்தது.

இத்துணை பெரிய கட்டடம் எதற்கு என்று மாணவர்கள் வினவலாம். எமது ஊர்களில் அறுவடைக்குப் பின் வெயில் எறிக்கும். திறந்த வெளியிற் களம் அமைத்துச் சூடு மிதிக்கலாம். இங்கிலாந்தில் அறுவடையைத் தொடர்ந்து மழையும் குளிரும் வந்துவிடும். ஆதலால் கதிர்க்கட்டுகளைக் கூரையின் கீழ் அடுக்கி வைத்து, பனிக்காலம் முழுவதும் சிறிது சிறிதாக அடித்துத் தானியத்தைப் பிரித்தனர். ஒரு நீண்ட கழியின் நுனியிலே தோல்வாரினாற் பிணைத்த குறுங்கோலே அவர்களது கருவி. களஞ்சியத்தின் நடுப்பகுதியே களம். அதன் இருபுறமும் நேரெதிராகப் பெருங் கதவுகள் வைத்தனர். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று ஊடறுத்து வீசும். தானியத்தைத் தூற்றும்போது பதர் பறந்துவிடும். 'காற்றுள்ள போதே தூற்றிக்கொள்' என்னும் எமது பழமொழியின் பொருள் அந்த ஆங்கிலேய உழவனுக்கும் நன்கு விளங்கியிருக்கும்.

இக்களஞ்சியங்கள் கடந்து வந்த இடர்கள் பல. தெம்பிளர் சபை 1312இல் கலைக்கப்பட்டது. பண்ணை ஹொஸ்பிற்றலர் என்னும் மற்றொரு சபையிடம் சென்றது. 1381இல் தலைவரிக்கு எதிராக உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அச்சபையின் தலைவரான றொபேட் ஹேல்ஸ் அரசின் பொருளாளராகவும் இருந்தார். அதனால் கிளர்ச்சியாளர் கிரெசிங்கைச் சூறையாடினர். இலண்டனில் ஹேல்சின் தலையும் கொய்யப்பட்டது. ஆயினும் களஞ்சியங்கள் தப்பின. பின்வந்த நூற்றாண்டுகளில் அவை பழுதுபார்க்கப்பட்டும் மாற்றப்பட்டும் பயன்பட்டு வந்தன.

ஆயினும், பயன் அற்றுப் போவதே இத்தகைய கட்டடங்களுக்கு நேரும் பேரிடர் எனலாம். 1786இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அன்ட்றூ மீக்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பனிக்காலக் கூலியை இழந்த தொழிலாளர்கள் 1830இல் தென் இங்கிலாந்தெங்கும் அவ்வியந்திரங்களை உடைத்தனர். எனினும் இயந்திரமே வென்றது. 20ஆம் நூற்றாண்டில் வயலிலேயே அறுத்து அடிக்கும் பொறி பரவிய பின் பழங் களஞ்சியத்திற்கு வேலையில்லாமற் போயிற்று. அதன் வாயில்களோ புதிய உழவுப் பொறிகளுக்குப் பொருந்தவில்லை. வேலையற்ற கட்டடத்தின் கூரையை எவர் செப்பனிடுவர்? ஓடு ஒன்று நழுவினால் மழைநீர் உட்புகும். நீர் புகுந்தால் மரம் உக்கும். இவ்வாறு அழிந்த களஞ்சியங்கள் எண்ணற்றவை.

இந்நிலையிலேதான் சட்டம் துணை நிற்கின்றது. சிறப்பு வாய்ந்த கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முறை 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தினால் வலுப்பெற்றது. இன்று நடைமுறையிலிருப்பது 1990ஆம் ஆண்டின் சட்டமாகும். பட்டியலில் மூன்று தரங்கள் உள்ளன: முதலாந் தரம், உடுக்குறியிட்ட இரண்டாந் தரம், இரண்டாந் தரம். பெரும்பாலானவை இறுதித் தரத்தையே சேர்ந்தவை. முதலாந் தரம் பெறுவன நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. கிரெசிங் களஞ்சியங்கள் இரண்டும் முதலாந் தரத்தன.

பட்டியலிற் சேர்ந்த கட்டடத்தின் இயல்பைப் பாதிக்கும் எம்மாற்றத்தையும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியின்றிச் செய்தல் குற்றமாகும். அதற்கு ஈராண்டு வரை சிறையும் வரம்பற்ற அபராதமும் விதிக்கப்படலாம். பண்ணைகளைப் பொறுத்தவரை இன்னுமொரு விதி முக்கியமானது. பட்டியலிட்ட கட்டடத்தின் வளவுக்குள், அதற்குரியதாக, 1948 யூலை 1ஆம் திகதிக்கு முன்னரிருந்தே நிற்கும் கட்டடங்களும் பொதுவாக அதே பாதுகாப்பைப் பெறும். இதனால் வண்டிக்கொட்டில், புறாக்கூடு, எலி ஏறாவண்ணம் காளான் வடிவக் கற்களின் மேல் உயர்த்திய தானிய அறை முதலியனவும் தப்பிப் பிழைக்கின்றன.

எனினும் சட்டம் இடிப்பதைத் தடுக்கலாமேயன்றி, ஒரு கட்டடத்திற்குப் புதுவாழ்வைத் தந்துவிடாது. பல களஞ்சியங்கள் வீடுகளாக மாற்றப்பட்டுள்ளன. அவ்வழியால் கூரை காக்கப்படுகின்றது. ஆனால் தட்டுகளும் அறைகளும் சன்னல்களும் புகுந்தவுடன் அந்த ஓங்கிய ஒற்றை வெளி மறைந்துவிடுகின்றது. வெறுமையாக விட்டால் உக்கும், வீடாக்கினால் உருமாறும். இந்த இக்கட்டிற்கு எல்லாவிடத்தும் பொருந்தும் விடை இல்லை. கிரெசிங்கில் மட்டும் நல்லதொரு விடை கிடைத்தது. 1987இல் எசெக்ஸ் மாவட்ட மன்றம் அவ்விடத்தை விலைக்கு வாங்கியது. மரத்தூண்களும் பெருவெளியும் குலையாமல், மக்கள் கூடும் இடமாக அது வாழ்கின்றது.

பெற்றோரே, நம்மிற் சிலர் களத்தில் நெல் தூற்றியவர்கள். சிலர் அதனைக் கண்டவர்கள். எமது பிள்ளைகளுக்கோ களம், பொலி, பதர், தூற்றுதல் என்பன பாடநூற் சொற்களே. அவர்களைக் கிரெசிங்கிற்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். நேரெதிர்க் கதவுகளின் நடுவே நிறுத்தி, அச்சொற்களின் பொருளை அங்கே கூறுங்கள். இந்நாட்டு உழவனின் உழைப்பும் எமது முன்னோரின் உழைப்பும் ஒன்றே என்பதை அவர்கள் உணர்வர். பயன்படுத்துவோர் இருக்கும்வரை களஞ்சியம் நிற்கும். சொல்லும் அவ்வாறே வாழும்.