பழைய காற்றுத் துப்பாக்கியும் ஒரு சிறு வளையமும்

துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பை அறியாத வீடு நம்மிடையே இல்லை. சில நாள் மூலையில் கிடந்த பம்பை எடுத்து அடித்துப் பார்த்தால், கை நோகுமேயன்றிக் காற்று வராது. உள்ளே இருக்கும் தோல் வாசர் காய்ந்து சுருங்கிவிட்டது என்பதை வீட்டுப் பெரியவர் உடனே அறிந்துகொள்வார். அதைக் கழற்றி இரண்டு துளி எண்ணெய் விட்டு விரல்களால் பிசைந்து மீண்டும் பூட்டுவார். பம்பு உயிர்பெற்றுவிடும்.

இச்சிறு அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், ஐரோப்பாவிலே ஆயிரக்கணக்கானோர் இன்றும் தேடி வாங்கிப் பேணிவரும் ஓர் அரிய கருவியின் இரகசியம் விளங்கிவிடும். அக்கருவி, 1950 முதல் 1980 வரையான ஆண்டுகளில் பெரும்பாலும் ஜேர்மனியில் உருவான இலக்குக் காற்றுத் துப்பாக்கி. இது பறவைகளைச் சுடுவதற்கு ஆனதன்று. பத்து மீற்றர் தொலைவிலே தொங்கும் காகித அட்டையில் ஒரு சிறு துளை இடுவதே இதன் தொழில். அத்தொழிலைச் செவ்வனே செய்தற்கு எத்துணை அறிவும் உழைப்பும் செலவிடப்பட்டன என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

போர்க்கருவி செய்த ஊரில்

ஜேர்மனியின் தென்மேற்கே நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ன்டோர்ப் என்றொரு சிற்றூர் உண்டு. உலகப் புகழ்பெற்ற மௌசர் துப்பாக்கி ஆலை இருந்த ஊர் அதுவே. 1945இல் போர் முடிந்தபோது அப்பகுதி பிரெஞ்சுப் படையினர் வசமாயிற்று. ஆலை கலைக்கப்பட்டது. ஆயுதம் செய்வதற்குத் தடை வந்தது. துப்பாக்கி செய்வதையன்றி வேறு தொழில் அறியாத கைகள் வேலையற்று நின்றன.

அந்த ஆலையிலே பணிபுரிந்த கார்ல் வெஸ்டிங்கர், ஏர்ன்ஸ்ட் அல்டன்பேர்கர் என்னும் பொறியியலாளர் இருவர் 1940களின் இறுதியில் ஒரு சிறு தொழிலகத்தைத் தொடங்கினர். ‘நுண்ணிய கருவியாக்கம்’ என்று பொருள்படும் பைன்வேர்க்பாவ் என்ற பெயரை அதற்குச் சூட்டினர். காலம் சற்று மாறியது. ஜேர்மன் சூட்டுக் கழகங்களின் சங்கம் 1951இல் மீண்டும் நிறுவப்பட்டது. வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு நீடித்த அந்நாட்களில், கழக உறுப்பினர் கையில் எடுக்கக் கூடியதாக இருந்தது காற்றுத் துப்பாக்கியே. சிறுவரின் விளையாட்டுப் பொருளென எண்ணப்பட்ட ஒன்று, பெரியவர்களின் கலைக்கருவியாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைன்வேர்க்பாவ் 150, 300, 300 எஸ், வால்தர் எல்.ஜி.வி., அன்சூற்ஸ் 250, டயானா 75, வைராக் 55 முதலிய துப்பாக்கிகள் இக்காலத்தில் பிறந்தவை. பத்து மீற்றர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1966இல் வீஸ்பாடன் நகரில் நடந்த உலகச் சம்பியன்ஷிப் போட்டிகளில் இடம்பெற்றது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவிலும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இன்றைய விதிப்படி, பத்துப் புள்ளி பெறும் நடுப்பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீற்றரே! அதனைத் தொடவேண்டிய ஈயக் குண்டின் குறுக்களவோ 4.5 மில்லிமீற்றர். பொட்டினும் குண்டு ஒன்பது மடங்கு பெரிதென்றால், போட்டியின் நுட்பத்தை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

உதையை வென்ற வித்தை

விஞ்ஞானம் பயிலும் மாணவர் இங்கே சிறிது நின்று கவனித்தல் நலம். இத்துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. நெம்புகோலை இழுத்தால் உள்ளேயிருக்கும் சுருள்வில் அழுந்துகிறது. விசையைத் தொட்டவுடன் வில் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. அதன் முன்னுள்ள காற்று நொடிப்பொழுதில் நெருங்கிச் சூடேறி ஈயக் குண்டைக் குழல்வழியே உந்துகிறது.

ஆயின் நியூட்டனின் மூன்றாம் விதி யாரையும் விட்டுவைப்பதில்லை. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. பிஸ்டன் முனையை அடைந்து நிற்கும்போது முன்னோக்கியும் ஓர் அதிர்வு எழுகிறது. இவ்வளவும் நிகழும் வேளையில் குண்டு இன்னும் குழலை விட்டு வெளியேறவில்லை என்பதே இடர்ப்பாடு. குறி தவறுவதற்கு வேறென்ன வேண்டும்?

இவ்விடரை ஒவ்வோர் ஆலையும் ஒவ்வொரு விதமாக வென்றது. பைன்வேர்க்பாவ் துப்பாக்கியில், குழலும் இயந்திரப் பகுதியும் ஒருங்கே மரக்கட்டையின்மேல் தண்டவாளத்தில் வழுக்குவதுபோலச் சிறிது பின்னே நகரும். சுடுபவரின் தோளுக்கு உதை தெரியாது. டயானாவில் இரண்டு பிஸ்டன்கள் உண்டு. ஒன்று முன்னே பாய, மற்றொன்று பின்னே பாய்ந்து அதனைச் சரிக்கட்டும். அன்சூற்ஸ் 250இல் பிஸ்டனின் வேகத்தை எண்ணெய் தணிக்கும். வைராக் 55 பாரத்தையும் மென்மையான வில்லையுமே நம்பியது. ஒரே கேள்விக்கு நான்கு விடைகள்; நான்கும் ஏற்கத்தக்கனவே.

பிற்காலத்திலே அமுக்கிய காற்றை உருளையில் அடைத்துப் பயன்படுத்தும் துப்பாக்கிகள் வந்து, போட்டி மேடையிலிருந்து இவற்றை அகற்றிவிட்டன. எனினும் அவ்வுருளைகளுக்குக் காலவரையறை உண்டு; காற்று நிரப்ப வேறு கருவியும் வேண்டும். பழைய துப்பாக்கிக்கு ஒருவருடைய கையின் பலம் போதும். ஆகவேதான் ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் கழகங்களில் புதிதாகச் சேர்வோர், குறைந்த விலையில் உயர்ந்த கருவி வேண்டுமென்று இவற்றை நாடுகின்றனர்.

எஃகைக் கண்டு மயங்கற்க

வாங்கப் போகிறவர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றுண்டு. பளபளக்கும் எஃகையும், வால்நட் மரத்தின் வரிகளையும் கண்டு மனத்தைப் பறிகொடுத்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். எஃகும் மரமும் நூறாண்டு நிற்கும். ஆனால் துப்பாக்கியின் உயிர் அங்கில்லை. நாம் முன்னர் கண்ட பம்பு வாசரைப் போன்ற சிறு வளையங்களிலே அது தங்கியிருக்கிறது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மிகப் பழைய துப்பாக்கிகளில் தோல் வளையம் பூட்டியிருந்தனர். எண்ணெய் விட்டுப் பேணினால் அது பல தலைமுறை உழைக்கும். 1960களிலும் 1970களிலும் ‘புதுமை’ என்று கருதிச் செயற்கைப் பொருளால் வளையங்கள் செய்தனர். அக்காலத்து அப்பொருள்களுட் பல, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், ஆண்டுகள் செல்லச் செல்லத் தாமே உதிர்ந்து பழுப்பு நிறப் பொடியாகவும் மெழுகாகவும் மாறிவிடுகின்றன. ‘பெட்டியை விட்டு எடுக்கவேயில்லை, புத்தம் புதிது’ என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உள்ளே வளையம் மட்டும் மண்ணாகிப்போயிருக்கும். பைன்வேர்க்பாவ் 300 எஸ் வகையில் பிஸ்டனைச் சுற்றி மோட்டார் இயந்திரத்தில் உள்ளது போன்ற உலோக வளையம் இருப்பதால் அது ஓரளவு தப்பியது. ஆயினும் குழலின் அடிவாயை அடைக்கும் வளையம் அதிலும் செயற்கைப் பொருளே.

ஆதலால் பின்வரும் சோதனைகளைச் செய்யாமல் வாங்குதல் தகாது.

முதலாவது, நெம்புகோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுவழுப்பாக வரவேண்டும். உராயும் ஓசை கேட்டால் வில்லோ பிஸ்டனோ பழுதுபட்டிருக்கலாம். இரண்டாவது, குழல்வாயில் பழுப்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருப்பின் உள்வளையம் உதிரத் தொடங்கிவிட்டது. மூன்றாவது, குண்டு இட்டு மூடிய பின் அடிவாயின் இணைப்பின்மேல் மெல்லிய காகிதத் துண்டொன்றை வைத்து, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுடுங்கள். காகிதம் பறந்தால் காற்று அவ்வழியே கசிகிறது. நான்காவது, திருகாணிகளின் தலையைக் கவனியுங்கள். அவை சிதைந்திருந்தால், பழக்கமில்லாத கை ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. ஐந்தாவது, மரக்கட்டையைக் கை பற்றும் மெல்லிய இடத்தில் வெடிப்பு உண்டா என்று தடவிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் மேலான சோதனை இலக்கு அட்டையே. துப்பாக்கியை மென்மையான தாங்கியில் வைத்து, பத்து மீற்றரில் ஐந்து குண்டுகளை ஒரே பொட்டை நோக்கிச் சுடவேண்டும். நல்ல துப்பாக்கியாயின் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே துளைபோலத் தோன்றும். விற்பவர் இதற்கு இடங்கொடுக்க மறுத்தால், வணக்கம் கூறி விடைபெறுவதே அறிவுடைமை.

பின்புறத் துளைக் குறிகாட்டி கூடவே இருக்கிறதா என்பதை மறவாது கேட்க வேண்டும். அதைத் தனியே வாங்க நேர்ந்தால் துப்பாக்கி விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். துப்பாக்கியின் பாரம் ஏறத்தாழ 5 கிலோகிராம் என்பதையும், இடக்கைப் பழக்கமுடையோர்க்கு வலக்கைக் கட்டை பொருந்தாது என்பதையும் இளைஞர் நினைவிற் கொள்க.

இறுதியாக, உதிரிப் பாகம் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். 300 எஸ் துப்பாக்கிக்கு வில்லும் வளையமும் இன்றும் கிடைக்கின்றன. டயானா 75 மிக இனிய கருவியே. எனினும் அதன் இரு பிஸ்டன்களையும் பற்சக்கரம் இணைப்பதால், ஒரு பல் தவறிப் பூட்டினாலும் முழுவதும் கெடும். அதனைத் தேர்ந்த கைவினைஞரிடமே ஒப்படைக்க வேண்டும். வளையம் மாற்றும் செலவையும் சேர்த்து எண்ணியே விலை பேசுதல் வேண்டும்.

பேணும் முறை

நல்ல துப்பாக்கி குறைந்த பராமரிப்பையே கேட்கும். அதனை அளவுக்கு மீறி உபசரிப்பதாற் கெடுத்தவரே அதிகம்.

அமுக்க அறையினுள் சாதாரண இயந்திர எண்ணெயை ஊற்றுதல் பெருந்தவறு. நெருங்கிய காற்றின் வெப்பத்தால் அது டீசல் இயந்திரத்திற் போலத் தீப்பற்றி வெடித்து, வில்லையும் வளையத்தையும் சிதைக்கும். செயற்கை வளையத்துக்குச் சிலிக்கோன் எண்ணெய் ஒரு துளி, அதுவும் அரிதாக, போதும். தோல் வளையத்துக்கு மட்டும் அவ்வப்போது தோலுக்கு உகந்த எண்ணெய் வேண்டும்.

குண்டு இல்லாமல் வெறுமனே சுடலாகாது. எதிர்ப்பதற்குக் காற்றுமெத்தை இல்லாமையால் பிஸ்டன் முழு வேகத்தில் முனையில் மோதும். வில்லை அழுத்திய நிலையில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போவதும் கூடாது. வில் தளர்வதுடன் ஆபத்துமாம். தட்டைத் தலையுடைய 4.5 மில்லிமீற்றர் குண்டுகளையே இடுக. அவை காகிதத்தில் வட்டமான தூய துளையை வெட்டுவதால் புள்ளி எண்ணுவது எளிது. வெடிமருந்துக் கரி இல்லாமையால் குழலை அடிக்கடி துடைக்கத் தேவையில்லை. குறி சிதறத் தொடங்கினால் துணித்துண்டு ஒன்றைச் செலுத்தினாற் போதும். கை வியர்வை எஃகைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலால், ஒவ்வொரு முறையும் எண்ணெய் தோய்ந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து வைத்தல் நன்று. பஞ்சுறைப் பெட்டியில் நெடுநாள் அடைத்து வைத்தால் அப்பஞ்சு ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும்.

விளையாட்டன்று

விளையாட்டுக்கருவி என்பதனால் இதனை விளையாட்டாக எண்ணிவிடக் கூடாது. குண்டு இடும்போது ஒரு கையால் நெம்புகோலை இறுகப் பிடித்திருத்தல் வேண்டும். உட்பூட்டுத் தேய்ந்து வில் திடீரென விடுபட்டால் உள்ளிருக்கும் விரல் துண்டாகிப்போகும். தக்க பிடிகருவி இன்றி வில்லைக் கழற்றுவோரும் அதே அபாயத்துக்கு உள்ளாவர். ஈயம் நஞ்சு. குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. பிள்ளைகள் பெரியவர் மேற்பார்வையில் அன்றிக் கையிலெடுத்தல் ஆகாது.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜேர்மனியில் 7.5 ஜூலுக்கு மேற்படாத துப்பாக்கிகள் ஐங்கோணத்துள் ‘எஃப்’ எழுத்துப் பொறிக்கப்பெற்று, பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு உரிமமின்றி விற்கப்படுகின்றன. ஸ்கொட்லாந்திலோ 2016ஆம் ஆண்டின் இறுதி முதல் சான்றிதழ் அவசியமாகிவிட்டது. எந்நாட்டில் வாழ்பவரும் அந்நாட்டுச் சட்டத்தை முதலில் விசாரித்தறிந்த பின்னரே விலையை விசாரிக்க வேண்டும்.

போருக்கெனத் துப்பாக்கி வடித்த கைகளே, காகிதத்தைத் தவிர வேறெதையும் துளைக்க வேண்டாத ஒரு கருவியையும் வடித்தன. அக்கைகள் செய்த எஃகு இன்றும் பழுதின்றி இருக்கிறது. அதனுள் ஒரு சிறு வளையத்தை மாற்றிவிட்டு, மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, பத்து மீற்றருக்கு அப்பாலுள்ள அரை மில்லிமீற்றர்ப் பொட்டை ஓர் இளைஞன் நோக்குகிறான். அவ்வேளையில் அவன் பயில்வது அமைதியையே. அந்த அமைதிக்குத் துணை நிற்பது சில காசு பெறும் ஒரு வளையம் என்பதை அவன் மறவாதிருந்தால், துப்பாக்கி அவன் பிள்ளைகளுக்கும் உழைக்கும்.