மணலைத் தின்ற கடல்! மலையில்லா ஊரின் மலைப் பாதை!

புதுச்சேரியைச் சுற்றி நடந்து பார்க்க எத்தனை அதிசயங்கள்!

புதுச்சேரியில் மலை கிடையாது. ஆனால் மலையிலிருந்து வந்த தூண்கள் உண்டு!

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள்தான் அவை. அவை செஞ்சியிலிருந்து கொண்டு வரப்பட்டவை என்பார்கள். கல் மலையிலிருந்து கடலுக்கு வந்துவிட்டது. இந்த ஊர் மக்களோ மலை பார்க்க வேண்டுமானால் கடலிலிருந்து மலைக்குப் போக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வழி சுவையானது. கடலோர மணல், ஆற்று முகம், பழைய ரோமாபுரி வியாபாரத்தின் சுவடு, செம்மண் மேடு, கோவில் காடு, கல்லாகிப்போன மரம் என்று ஒவ்வொன்றாக வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பார்க்கலாம். செலவு அதிகமில்லை. காலில் தெம்பு இருந்தால் போதும்.

கோபேர் சாலை

நடையைத் தொடங்க நல்ல இடம் கடற்கரைச் சாலைதான். இதன் பெயர் கோபேர் சாலை. நீளம் சுமார் ஒன்றரை கிலோ மீட்டர். மாலை 6 மணிக்கு மேல் விடியும்வரை வண்டிகளுக்கு இங்கே இடமில்லை. கிழவரும் குழந்தையும் நடுச் சாலையில் கை கோத்து நடக்கலாம்.

பழைய கலங்கரை விளக்கம் இங்கேதான் இருக்கிறது. 1836-ல் ஏற்றப்பட்ட விளக்கு அது. 1979-ல் புதிய விளக்கம் வந்த பிறகு அது ஓய்வு பெற்றது.

கடலுக்குள் சில இரும்புக் கால்கள் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கப்பல் பாலத்தின் மிச்சம் அவை. 1952-ல் வீசிய புயலில் அந்தப் பாலம் போயிற்று. பின்னர் தெற்கே இன்னொரு பாலம் கட்டினார்கள். 2022 மார்ச்சு மாதம் அதிலும் ஒரு பகுதி அலையில் சரிந்து விழுந்தது.

ஆனால் பாலம் போனதை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதுதான் மணல்!

மணல் எங்கே போயிற்று?

இந்த ஊரில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சாலைக்கும் கடலுக்கும் நடுவே அகலமான மணல் வெளி இருந்தது. பிள்ளைகள் அதில் ஓடி விளையாடினார்கள். மீனவர்கள் கட்டுமரத்தை ஏற்றி வைத்தார்கள். கரைவலை இழுத்தார்கள்.

பிறகு பல ஆண்டுகள் அங்கே கருங்கல் குவியல்தான் இருந்தது. அலை வந்து கல்லில் மோதித் தெறிக்கும். வெளியூர்க்காரர்கள் அதை அழகு என்று படம் பிடித்தார்கள். மணலைக் கண்டவர்களுக்கு அது அழகாகப் படவில்லை!

மணலைத் திருடியது யார்?

கடல் மணல் ஓரிடத்தில் சும்மா கிடப்பதில்லை. அதுவும் நடக்கிறது! தென்மேற்கிலிருந்து வரும் அலை கரையில் சாய்வாக மோதுகிறது. மோதும் ஒவ்வொரு முறையும் மணலைச் சிறிது வடக்கே தள்ளுகிறது. ஆண்டில் பெரும் பகுதி இப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று அடிக்கும்போது மட்டும் மணல் தெற்கே திரும்புகிறது. ஆனால் போவது அதிகம், திரும்புவது குறைவு. இப்படி ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் இந்தக் கரையோரமாக வடக்கே பயணம் செய்கிறது.

1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் நீட்டிக் கட்டப்பட்டன. மணலின் வழியில் போட்ட பூட்டு அது! தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் வடக்கே இருந்த மணலை அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போயிற்று. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. குடும்பக் கணக்கு போலத்தான், கை இருப்பு தீர்ந்துபோயிற்று!

நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். நகரம் தப்பியது. ஆனால் அலையின் பசி அடுத்த ஊருக்குப் போயிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒவ்வொரு மீனவர் ஊராகக் கரை கரைந்தது. ஓர் ஊரில் கல் கொட்டினால் அதற்கு வடக்கே உள்ள ஊரின் மணல் போகும். புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை இந்தத் துன்பம் பரவியது. பிள்ளைச்சாவடியில் வீடுகளே கடலுக்குள் போயின. கடலை நம்பிப் பிழைப்பவனுக்குக் கடலோரத்தில் காலூன்ற இடமில்லை என்றால் அவன் எங்கே போவான்?

கடலுக்குள் ஒரு மந்திரத் தடை!

2018-ல் ஒரு புதிய முயற்சி நடந்தது. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் நிபுணர்கள் வந்தார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்குள், கண்ணுக்குத் தெரியாதபடி முக்கோண வடிவில் ஒரு பெரிய எஃகுத் தடையை இறக்கினார்கள். அலை அதன் மேல் ஏறும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்த அலை மணலைக் கீழே போட்டுவிடுகிறது. துறைமுக வாயில் தூர் வாரிய மணலையும் கொண்டு வந்து கொட்டினார்கள்.

பலன் தெரிந்தது. செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பியது! ஒரு தலைமுறைக் காலம் மணலே பார்க்காத இடத்தில் குழந்தைகள் வீடு கட்டி விளையாடினார்கள். சாலையின் முழு நீளத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்துவிடவில்லை. கல் குவியல் உள்ள இடங்களில் பாறை மேல் இறங்குவதும், குளிப்பதும் ஆபத்து. பாசி வழுக்கும். அலை இழுக்கும்.

தெற்கே ஒரு நடை

துறைமுக வாயிலில் ஆறு குறுக்கிடுவதால் கடலோரமாகவே தெற்கே போக முடியாது. கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிச் சுற்றி வர வேண்டும். சுற்றினாலும் நஷ்டமில்லை. ஆற்று முகத்தில், தேங்காய்த்திட்டுப் பக்கம், அலையாத்தி மரங்களைப் பார்க்கலாம். உப்புத் தண்ணீரிலேயே வாழும் மரம் அது. சேற்றுக்குள் உள்ள வேருக்கு மூச்சு முட்டாதிருக்க, பென்சில் நட்டதுபோலச் சின்னச் சின்ன மூச்சு வேர்களை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். காலடியில் நண்டு ஓடும். கொக்கும் நாரையும் தவம் இருக்கும்.

ஆற்றின் தென்கரையில், காக்காயன்தோப்பில், மாமரங்களுக்கு நடுவே ஒரு மேடு உண்டு. அதுதான் அரிக்கமேடு!

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோம நாட்டோடு வியாபாரம் செய்த துறைமுகம் இது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பழைய நூலில் "பொதுகே" என்று சொல்லப்படும் பட்டினம் இதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

1937-ல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் இங்கே கிடைத்த மணிகளைக் கண்டார். மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லும் கிடைத்தது. அது ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டசின் தலை என்று அவர் நினைத்தார்.

1944-ல் இந்தியத் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்தவர் மார்ட்டிமர் வீலர் துரை. சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ஜாடியின் காது அவர் கண்ணில் பட்டது. ரோம நாட்டு ஒயின் ஜாடியின் காது அது! எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். புதுச்சேரிப் பக்கம் என்றார்கள். துரை உடனே புறப்பட்டு வந்துவிட்டார்! 1945-ல் இங்கே பள்ளம் தோண்டினார். இத்தாலி நாட்டுச் சிவப்பு மண் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றின் காலம் தெரிந்ததால், தென்னாட்டுப் பழம்பொருள்கள் பலவற்றின் காலமும் தெரிந்தது. ஒரு ஜாடிக் காது செய்த வேலை!

இன்று அரிக்கமேட்டில் பெரிய கட்டடம் எதையும் தேடிப் போகக் கூடாது. 18-ம் நூற்றாண்டுப் பாதிரிமார் பள்ளியின் இடிந்த செங்கல் சுவர்தான் கண்ணுக்குத் தெரியும். தோண்டிய இடங்களை மண் மூடிவிட்டது. இங்கே கிடக்கும் மணியையோ ஓட்டையோ எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இது சட்டப் பாதுகாப்பில் உள்ள இடம். கிடைத்த பொருள்களில் பலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

மேகம் செய்த சதி!

இந்த மேட்டின் பழைய செங்கற்களைப் பற்றி வீலருக்கு முன்பே எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் லெ ழான்தி. பிரெஞ்சு வான நூல் நிபுணர். அவருடைய கதையைக் கேட்டால் கல்லும் உருகும்.

சூரியனைச் சுக்கிரன் கடந்து செல்வதைப் பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார். வழியிலேயே செய்தி வந்தது. புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள்! கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6-ந் தேதி சுக்கிரன் கடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து என்ன அளக்க முடியும்?

அடுத்த முறை 8 ஆண்டு கழித்து. மனிதர் ஊர் திரும்பவில்லை! காத்திருந்தார். 1768-ல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஒரு கூடம் கட்டிக் கருவிகளை வைத்தார். 1769 ஜூன் 4-ந் தேதி காலை. மேகம் வந்து சூரியனை மூடிக்கொண்டது! சுக்கிரன் கடந்து முடிந்த பிறகு வானம் பளிச்சென்று வெளுத்தது. இனி 1874-ல்தான் அடுத்த கடப்பு.

11 ஆண்டுக்கு மேல் கழித்து வீடு திரும்பினார். அங்கே அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, உறவினர் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள்!

வீராம்பட்டினம்

அரிக்கமேட்டுக்குக் கிழக்கே வீராம்பட்டினம். துறைமுகச் சுவருக்குத் தெற்கே தங்கிய மணலால் இங்கே கரை அகலமாக இருக்கிறது. வடக்கே இழந்தது இங்கே கிடக்கிறது!

இங்குள்ள செங்கழுநீர் அம்மன் கோவில் தேர், ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளியன்று ஓடும். பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பார். அந்த வழக்கத்தைத் துணைநிலை ஆளுநர்கள் தொடர்ந்து வருகிறார்கள்.

தெற்கே போகப் போக மணல் மேட்டில் இரண்டு செடிகளைக் காணலாம். ஒன்று அடப்பங்கொடி. ஊதாப் பூ பூக்கும். இன்னொன்று இராவணன் மீசை. முள் போன்ற புல். இரண்டும் வேரால் மணலைக் கட்டிப் பிடித்து வைக்கின்றன. அழகுக்காகப் பிடுங்கினால் மேடு பறந்துவிடும்.

நரம்பை, மூர்த்திக்குப்பம் கரைகளில் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடும். ஒரு குழியில் நூறுக்கு மேல் இருக்கும். குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கமாக ஓடும். கடலின் பளபளப்புதான் அவற்றுக்கு வழிகாட்டி. கரையில் மின்சார விளக்கு எரிந்தால் ஊருக்குள் ஓடி நாய்க்கு இரையாகும். இரவில் அங்கே நடக்கிறவர்கள் கைவிளக்கை அணைத்துக்கொள்வது அந்த உயிர்களுக்குப் பெரிய உதவி.

செம்மண் மேடு

நகருக்கு வடமேற்கே நிலம் மெல்ல உயர்கிறது. கோரிமேடு தாண்டினால் மண் சிவக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதுதான் மலை!

ஒரு காலத்தில் இங்கே உலர்ந்த பசுமைக் காடு இருந்தது. மரம் வெட்டினார்கள். ஆடு மாடு மேய்ந்தன. மழை வந்து செம்மண்ணை வாரிக் கடலுக்குக் கொண்டு போயிற்று. பொம்மையார்பாளையம் பக்கம் மழை அறுத்த ஆழமான பள்ளங்களைக் காணலாம். இரண்டு பக்கமும் சிவந்த சுவர் எழுந்து நிற்கும். மாலை வெயிலில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த அழகு, நிலத்தின் புண்! மழை பெய்த மறுநாள் சுவருக்கு அடியில் நிற்கக் கூடாது. மண் சரியும்.

1968 பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு மொட்டையாக இருந்தது. வந்தவர்கள் முதலில் வரப்பு போட்டு மழைத் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு மரம் நட்டார்கள். இன்று அங்கே லட்சக்கணக்கான மரங்கள் நிற்கின்றன.

அழியாத காடும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டில் அய்யனார் கோவில் காடு இருக்கிறது. சாமி காட்டில் கை வைக்கக் கூடாது என்ற பயம், வேலி போடாமலே அந்த மரங்களைக் காத்தது. பழைய காடு எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

கல்லான மரம்! கடைசியில் மலை!

மேற்கே சுமார் 30 கிலோ மீட்டரில் திருவக்கரை. வக்கிரகாளியைக் கும்பிடப் பௌர்ணமியன்று கூட்டம் கூடும். அருகே தேசியக் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஆற்று வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்தது. மரத்தின் ஒவ்வொரு அணுவும் போய், அந்த இடத்தில் மணற்சத்து புகுந்தது. வளையம் அப்படியே தெரியும். தட்டினால் கல்!

அங்கிருந்து இன்னும் மேற்கே போனால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் கோட்டைச் சுவர் வளைத்து நிற்கிறது. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இதைப் பிடித்தார். 1761-ல் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டனர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் உயரமானவை. உச்சிக்குச் சற்று முன்பு மலை இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு சின்னப் பாலத்தில் அந்தப் பிளவைக் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையாலும் மேலே வர முடியாது!

காலையிலேயே ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். தின்பண்டத்தைப் பைக்குள் மறைத்து வைப்பது நல்லது. செஞ்சிக் கோட்டையை இப்போது ஆள்கிறவை குரங்குகள். வரி வசூலிக்காமல் விடமாட்டா!